முழங்கால் மடிக்கும் பஸ்

தீசிஸ் வேலைக்கு நடுவுல ரொம்ப நாளா பாதியில் கிடந்த பதிவு. இன்னிக்கு முடிச்சுடறேன்.

போன கோடையில் அம்மா மாண்ட்ரியல் வந்திருந்தாங்க. அவங்களுக்கு முழங்கால் வலி. ஊரில் பஸ் ஏறுவதை விட்டே நாலு வருஷம் ஆச்சு. முதல் படியில் காலைத் தூக்கி வைக்கறதுக்குள்ள விசில் கொடுத்துடுவாங்களோன்னு பயம். இங்கே கோட்-டெ-நேஜ் சாலையில் ஒரு ஸ்டாப்பில் நின்னோம். பஸ் வந்தது. டிரைவர் அம்மாவைப் பார்த்துட்டு ஒரு பட்டனை அழுத்தினார். 'புஸ்ஸ்'னு காத்து இறங்கி, பஸ் எங்க பக்கமா சாஞ்சது. அம்மா நடந்தே உள்ளே போய் உட்கார்ந்துட்டாங்க.

"எனக்காகவாடா குனிஞ்சுது?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஆமாம்னு சொல்லிட்டேன். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். அதான் இந்தப் பதிவு :-)

பஸ்ஸோட படி எவ்வளவு உயரம்னு டிரைவர் முடிவு பண்றதில்லை. பஸ் வாங்கப் பணம் கொடுக்கறவங்க என்ன நிபந்தனை போடறாங்க, டெண்டரில் என்ன எழுதியிருக்கு, இந்த ரெண்டும்தான் முடிவு பண்ணுது.

மாண்ட்ரியலில் பஸ் ஓட்டுவது எஸ்.டி.எம். என்ற பொது நிறுவனம். புது பஸ் வாங்க அது தன் கையிலிருக்கும் காசை மட்டும் நம்புவதில்லை. கியூபெக் அரசும் ஒட்டாவா அரசும் மானியம் தருது. பணத்தோட நிபந்தனைகளும் வரும். உதாரணமா, 25 சதவீதமாவது கனடா உள்ளடக்கம் இருக்கணும், கடைசிக் கட்ட வேலை கனடாவில் நடக்கணும். 2023-ல் எஸ்.டி.எம். தலைமையில் கியூபெக்கின் பல நகரங்கள் சேர்ந்து மொத்தமா எலெக்ட்ரிக் பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்தாங்க. 339 உறுதியான ஆர்டர். தேவைப்பட்டால் இன்னும் 890. ஆகமொத்தம் 1,229. ஆர்டர் கிடைச்சது வால்வோ குழுமத்தைச் சேர்ந்த நோவா பஸ்ஸுக்கு. அவங்க தொழிற்சாலை பக்கத்து ஊரான செயின்ட்-யூஸ்டாஷில்தான் இருக்கு. வேலைவாய்ப்புக்கு நல்லது, ஆனா இப்படி நிபந்தனை போட்டால் போட்டிக்கு வர்ற கம்பெனிகள் குறையும். அதனாலதான் கணக்கு கேட்க ஆள் வேணும்.

உடனே "வெள்ளைக்காரன் எல்லாத்தையும் யோசிச்சு செய்வான்"னு ஆரம்பிச்சுடாதீங்க. இந்த ஊர் மெட்ரோ 1966-ல் திறந்தது. 2007-ல் லவால் நகருக்கு நீட்டிச்சபோதுதான் முதல்முறையா லிஃப்ட்டோட ஸ்டேஷன் கட்டினாங்க. மொத்தம் 68 ஸ்டேஷன். பழையதை எல்லாம் ஒவ்வொண்ணா உடைச்சு லிஃப்ட் வைக்கிற வேலை இன்னும் முடியலை. 1960களில் காகிதத்தில் ஒரு வரி எழுதாமல் விட்டதுக்கு ரெண்டு தலைமுறையா செலவு. அம்மாவை மெட்ரோவில் கூட்டிட்டுப் போகும் முன்னாடி எந்த ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்குன்னு நான் மேப்பைப் பார்க்க வேண்டியிருந்தது.

இப்ப நம்மூருக்கு வருவோம். நம்ம சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர். தாழ்தள பஸ்ஸில் 400. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் தமிழக அரசு புது பஸ் வாங்கக் கிளம்பினபோது, அதிலும் உயரமான பஸ்களே அதிகம். தண்ணி தேங்கும், வேகத்தடை இடிக்கும், விலை ஜாஸ்தி என்பதெல்லாம் அதிகாரிகள் சொன்ன காரணம். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக உழைக்கும் வைஷ்ணவி ஜெயகுமார் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். கையில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். டெண்டர் போட்டவங்க நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது. கடைசியில் 552 தாழ்தள பஸ்கள்: சென்னைக்கு 352, கோவை, மதுரைக்குத் தலா 100. 2024 ஆகஸ்டில் முதல் 58 சென்னையில் ஓட ஆரம்பிச்சது. இதுவும் மாண்ட்ரியல் பஸ் மாதிரி குனியும். 2025 ஜூனில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து கிளம்பின 120 எலெக்ட்ரிக் பஸ்களும் தாழ்தளம்தான்.

ரோடு சரியில்லைன்னா ரோட்டைத்தான் சரி பண்ணணும். அதுக்காகப் படியை உயர்த்தி வச்சா, ஏற முடியாதவங்க வீட்டிலேயே இருந்துடுவாங்க. அப்புறம் "அந்த மாதிரி ஆட்கள் யாரும் பஸ்ஸுக்கு வர்றதே இல்லையே"ன்னு கணக்கும் காட்டிடலாம்!

"ஆயிரம் புதிய பேருந்துகள்"னு செய்தி வந்தால் நாம எண்ணிக்கையை மட்டும் பார்க்கறோம். பணம் யாருது, நிபந்தனை என்ன, தளம் எவ்வளவு உயரம்? இந்த மூணையும் டெண்டர் திறக்கும் முன்னாடியே கேட்கணும். பஸ் வந்துட்டா அடுத்த பத்து வருஷத்துக்கு அதேதான்.

போன வாரம் அம்மா போனில் சொன்னாங்க: "டிவியில பார்த்தேன்டா, இங்கேயும் பஸ் குனியுதாம். நம்ம ரூட்டுக்கு எப்ப வரும்?"

அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை. உங்க ரூட்டில் வந்தாச்சா? பின்னூட்டத்தில் சொல்லுங்க, அம்மாகிட்ட படிச்சுக் காட்டணும்.