‘லைஃப்டைம் ஆயில்’ யாருடைய லைஃப் வரைக்கும்? ஆட்டோமேட்டிக் காரில் எல்லோரும் மறக்கும் சிவப்புத் திரவம்

செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கியாச்சு. மீட்டரில் 70,000 கி.மீ. சர்வீஸ் புக்கைப் புரட்டினால் இன்ஜின் ஆயில் மாற்றியது இருக்கிறது. பிரேக் பேட், ஏசி ஃபில்டர், கூலன்ட் எல்லாம் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. கேட்டால், “அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேணாம்” என்று பதில் வருகிறது.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர் போன்ற ஊர்களில் இந்தப் பதிலை அப்படியே நம்பிவிட முடியாது. இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குத் தினமும் போய்வரும் குடும்பக் கார்கள் நிறைய. போக மட்டும் 30 கி.மீ.க்கு மேல். வழியில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையின் ஆறுவழிப் பணி, அதற்காகப் போட்ட மாற்றுப்பாதைகள், லாரி வரிசை. ஞாயிற்றுக்கிழமை பட்டு எடுக்க வந்த சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு காந்தி சாலைப் பக்கம் போனால், பத்தடிக்கு ஒருமுறை பிரேக். 2019-ல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாட்களில் காஞ்சிபுரத்துக்குள் கார் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்படி ஊர்ந்து ஊர்ந்து போகும்போது காருக்குள் அதிகம் வேகிற பொருட்களில் ஒன்று, அந்தத் ‘தொடவே வேணாம்’ ஆயில்தான்.

இது வெறும் ஆயில் இல்லை

இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் எதிரே இருப்பதும் மெல்லச் சுற்றும். டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே நடப்பது ஏறக்குறைய இதுதான். காற்றுக்குப் பதில் திரவம். ஏடிஎஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இதைத்தான்.

அதோடு வேலை முடிவதில்லை. கியர் மாற்றும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் இதன் அழுத்தம்தான். பற்சக்கரங்களுக்கு வழவழப்பு தருவது, சூட்டை இழுத்துக்கொண்டு போய்க் குளிர்விப்பானில் விடுவது எல்லாம் இதே திரவம். இதில் ஒரு வேடிக்கையான முரண் உண்டு: பற்சக்கரத்துக்கு வழுக்க வேண்டும், கிளட்ச்சுக்கு வழுக்கக் கூடாது. இந்த இரண்டையும் சமாளிக்கத்தான் ஏடிஎஃப்பில் பலவகை ரசாயனச் சேர்க்கைகள் இருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸைக் கொண்டுவந்ததைத் தொடர்ந்து ஆட்டோமேட்டிக் கார்கள் பெருகின. அந்தக் காலத்து ஏடிஎஃப்பில் இந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கில எண்ணெய்க்குத் தடை போட்ட பிறகு, அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் நிறுவனங்கள் படாதபாடு பட்டன.

அந்தச் சேர்க்கைகள் சூட்டில் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகின்றன. திரவம் அளவில் குறையாது, குணத்தில் குறையும். 10 டிகிரி சூடு கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும் 50,000 கி.மீ.யும், டவுனுக்குள் நகரும் 50,000 கி.மீ.யும் மீட்டரில்தான் ஒன்று.

முதலில், உங்கள் கார் எந்த வகை?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கிளட்ச் பெடல் இல்லாவிட்டால் எல்லாமே ‘ஆட்டோமேட்டிக்’ என்று நினைக்கிறோம். உள்ளே இருப்பது நான்கு வேறு இயந்திரங்களில் ஒன்று.

2014-ல் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து இந்தியாவில் பரவியது ஏஎம்டி. இது அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிக்கும் காலுக்கும் கியர் போடும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம். கியர் லிவரில் ‘பி’ என்ற இடமே இல்லை என்றால், பெரும்பாலும் உங்களுடையது ஏஎம்டி. அதில் ஏடிஎஃப் கதை கிடையாது. மேனுவல் கியர் ஆயிலும், சிலவற்றில் தனியாக ஹைட்ராலிக் திரவமும் இருக்கும். இந்தக் கட்டுரையின் பாதிக் கவலை அவர்களுக்கு இல்லை.

சிவிடி என்றால் உள்ளே பற்சக்கர அடுக்குக்குப் பதில் இரண்டு புல்லிகளும் ஒரு எஃகு பெல்ட்டும். ஹோண்டா சிட்டி, அமேஸ், ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் டர்போ போன்றவற்றில் இந்த வகை உண்டு. எஃகும் எஃகும் வழுக்காமல் பிடித்துக்கொள்ள இதற்கென்றே தனித் திரவம். சாதாரண ஏடிஎஃப்பை இதில் ஊற்றுவது, பெட்ரோல் காரில் டீசல் போடுவதற்குச் சமமான தவறு. டிசிடியில் வெட், டிரை என இரண்டு ரகம். வெட் கிளட்ச் என்றால் ஆயில் மாற்றும் கெடு கறாராக இருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஆறு கியர் வெட் டிசிடிக்கு அது 60,000 கி.மீ.

கடைசி வகைதான் வழக்கமான டார்க் கன்வெர்ட்டர். பிரெஸ்ஸா, எர்டிகா, இனோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்குகளில் இருப்பது.

எந்தத் திரவம் என்பதை மேனுவல் சொல்லும். டெக்ஸ்ரான் 6, டொயோட்டா டபிள்யூஎஸ், ஹூண்டாய் எஸ்பி-4, ஹோண்டா எச்சிஎஃப்-2, நிசான் என்எஸ்-3 என்று ஒவ்வொன்றும் வேறு வேறு. “எல்லா வண்டிக்கும் செட் ஆகும்” என்று சொல்லி நீட்டப்படும் கேன் உங்கள் காருக்கு வேண்டாம். கேனின் பின்பக்கத்தில் உங்கள் காரின் குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

‘லைஃப்டைம்’ என்றால் என்ன?

பல மேனுவல்களில் சாதாரணப் பயன்பாட்டுக்கு ‘மாற்றத் தேவையில்லை’ என்றுதான் இருக்கும். அதற்கு அடுத்த பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு தனிப் பட்டியல் இருக்கும்: அதிக வெயில், நெரிசலில் நின்று நின்று ஓட்டுவது, குறுகிய தூரப் பயணம், தூசி, அதிக பாரம். இதைப் படித்தால் தமிழ்நாட்டில் கார் ஓட்டுவதைப் பற்றியே எழுதியது போல இருக்கும். அந்தப் பட்டியலுக்குள் வரும் கார்களுக்கு ஆயில் மாற்றும் கெடு உண்டு.

உலகின் பெரிய கியர்பாக்ஸ் நிறுவனங்களில் ஒன்றான ஜெர்மனியின் இசட்எஃப், தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது அதிகபட்சம் 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸைச் செய்பவரே இப்படிச் சொல்லும்போது, ‘லைஃப்டைம்’ என்பது முதல் உரிமையாளரின் வாரன்டி காலம் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது உரிமையாளர் நீங்கள் என்றால், அந்த லைஃப் ஏற்கெனவே முடிந்திருக்கலாம்.

பார்ப்பது எப்படி?

பழைய கார்கள் சிலவற்றில் டிப்ஸ்டிக் இருக்கும். இன்ஜின் ஆயில் பார்ப்பது போல வண்டியை ஆஃப் செய்து, ஆறவிட்டுப் பார்த்தால் தப்பான அளவுதான் காட்டும். பெரும்பாலானவற்றில் வழி இது: கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ‘பி’யிலிருந்து எல்லா இடங்களுக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்ப ‘பி’க்கு வந்து, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். நூல் பிரியாத துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் ‘ஹாட்’ குறிக்குள் இருக்க வேண்டும். சில ஹோண்டாக்களில் மட்டும் இன்ஜினை அணைத்த உடனே பார்க்கச் சொல்வார்கள்.

புதிய கார்களில் டிப்ஸ்டிக்கே இல்லை. லிஃப்ட்டில் ஏற்றி, இன்ஜின் ஓட, ஸ்கேனரில் திரவத்தின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே அடியில் உள்ள போல்ட்டைத் திறக்க வேண்டும். மெல்லிய தாரையாக வழிந்தால் அளவு சரி. இந்த வெப்பநிலைதான் உயிர்நாடி. சில கார்களுக்கு 35-45 டிகிரி, வேறு சிலவற்றுக்கு 50-60 டிகிரி. சூட்டில் திரவம் விரியும் என்பதால், அதிகச் சூட்டில் பார்த்தால் போதுமான அளவு இல்லாதபோதும் நிறைந்திருப்பது போலத் தெரியும். மே மாத மதியம் காஞ்சிபுரத்தில் வெளி வெப்பமே 40 டிகிரியைத் தொடும்போது, ஓட்டி வந்த காரை உடனே லிஃப்ட்டில் ஏற்றி 35-45 டிகிரியில் அளவு பார்க்க வழியில்லை. முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாக இதைச் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனர் இல்லாமல் ‘கை வச்சுப் பார்த்தா தெரியும்’ என்கிற கடையில் இந்த வேலை வேண்டாம்.

நிறமும் கொஞ்சம் பேசும். புது ஏடிஎஃப் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பு. கசிந்தால் இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறியவே இந்தச் சாயம். (சிவிடி திரவம் பச்சை, நீலம் என்றும் வரும்.) நாளாக ஆக அது அரக்காகி, பிறகு பழுப்பாகும். நிறம் மங்கியதாலேயே பயப்பட வேண்டாம். கருத்து, கருகிய வாசனை வந்தால்தான் கவலை. ரோஸ் மில்க் போல இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது. வெள்ளத்தில் சக்கரத்துக்கு மேல் மூழ்கிய கார்களில் இது நடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையைச் சுற்றி மூழ்கியவற்றில் சில இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் இருக்கலாம்.

மாற்றும்போது

ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் எல்லாம் வந்துவிடாது. டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் கணிசமாகத் தங்கிவிடும். 7 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் மூன்றரை லிட்டர் வந்தால், ஒருமுறை மாற்றியதில் பாதிதான் புதுசு. அதே வேலையைச் சில ஆயிரம் கி.மீ. இடைவெளியில் இன்னொரு முறை செய்தால் 75 சதவீதம், மூன்றாவது முறை 87.5 சதவீதம். பொறுமையான வழி இது. மெஷின் வைத்து அழுத்தத்தில் மொத்தமாக வெளியேற்றும் ‘ஃப்ளஷ்’ஷைவிடப் பழைய கியர்பாக்ஸுக்கு இதுவே பாதுகாப்பு.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க முடிந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஊற்றும் வழியின் போல்ட்டை முதலில் திறக்கிறார்களா? அது துருப்பிடித்து வராமல் போனால், ட்ரெயின் செய்த காரைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே வந்த திரவத்தை அளக்கிறார்களா? வந்த அளவுதான் முதலில் உள்ளே போக வேண்டும். மூன்றாவது, அடித்தட்டில் உள்ள காந்தம். மேலே சாம்பல் நிறப் பசை மெலிதாக இருப்பது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் துகளோ சில்லோ இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

இனி எல்லோரும் பயப்படும் கேள்வி: 1,20,000 கி.மீ. வரை தொடவே இல்லை, இப்போது மாற்றலாமா? ‘மாற்றினதும் கியர்பாக்ஸ் போயிடுச்சு’ என்ற கதை எல்லா ஊரிலும் உண்டு. முழுப் பொய்யும் இல்லை. தேய்ந்த கிளட்ச்சின் துகள் கலந்த பழைய திரவத்தில் தட்டுகள் எப்படியோ ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கும். புதுத் திரவத்தில் அந்த வழுக்கல் வெளியே தெரியும். ஆனால் நோய் ஆயில் மாற்றியதால் வந்ததில்லை. ஆகவே, ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாமல் வழுக்குகிறது, ‘டி’ போட்டு இரண்டு விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது என்றால், ஆயில் மாற்றினால் சரியாகும் என்று பணத்தைச் செலவழிக்காதீர்கள். முதலில் ஸ்கேன் செய்து பாருங்கள். எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது என்றால், பாதி பாதியாக மாற்றுவதுதான் நியாயம். ஆயில் மாற்றச் சில ஆயிரங்கள். கியர்பாக்ஸைப் பிரித்தால் செலவு ஒரு லட்சத்தையும் தாண்டலாம்.

எடுத்த பழைய ஆயில், அபாயகரக் கழிவுகள் குறித்த 2016 விதிகளுக்குள் வருகிறது. கடைக்குப் பின்னால் கால்வாயில் ஊற்றினால் அது வேகவதியில்தான் போய்ச் சேரும். டிரம்மில் சேர்த்துவைக்கும் கடையா என்று கேட்டுவிடுங்கள்.

பில் வாங்கும்போது திரவத்தின் குறியீடு, எத்தனை லிட்டர், எத்தனை கி.மீ.யில் மாற்றியது என்ற மூன்றும் எழுதியிருக்க வேண்டும். ‘கியர் ஆயில் - 1’ என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்கி, சர்வீஸ் புக்கில் காலியாகக் கிடக்கும் அந்த வரியில் பின் அடித்து வையுங்கள்.