திறந்தவெளிச் சோதனைத் தளச் சரிபார்ப்பு

திறந்தவெளிச் சோதனைத் தளம் என்பது மின்னணுக் கருவிகளிலிருந்து காற்றில் பரவும் மின்காந்த உமிழ்வை அளப்பதற்காக அமைக்கப்படும் தடையற்ற சமதளம் ஆகும். அத்தளத்தில் அலைகள் கோட்பாடு கூறும் விதத்தில் பரவுகின்றனவா என்று அளந்து உறுதிசெய்வது தளச் சரிபார்ப்பு எனப்படும்.

தேவை

கணினி, தொலைக்காட்சி போன்ற கருவிகள் வானொலிச் சேவைகளுக்கு இடையூறு செய்யாதிருக்க அவற்றின் உமிழ்வுக்கு வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. வீடுகளில் பயன்படும் கருவிகளுக்கு 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரம்பு, 10 மீட்டர் தொலைவில் மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட் மட்டுமே. இவ்வளவு சிறிய அளவை அருகிலுள்ள ஒரு கம்பி வேலியோ கட்டடமோ மாற்றிவிடக்கூடும். குறைவாகக் காட்டும் தளத்தில் இடையூறு செய்யும் கருவி தேறிவிடும்; கூடுதலாகக் காட்டும் தளத்தில் நல்ல கருவி தோற்றுவிடும்.

தளத்தின் அமைப்பு

தடையற்ற பகுதி நீள்வட்ட வடிவில் இருக்கும். சோதிக்கப்படும் கருவி ஒரு குவியத்திலும் அளக்கும் ஆண்டெனா மற்றொரு குவியத்திலும் வைக்கப்படும். இரண்டுக்கும் இடையே 10 மீட்டர் இருந்தால், நீள்வட்டத்தின் நெட்டச்சு 20 மீட்டரும் குற்றச்சு சுமார் 17.3 மீட்டரும் ஆகும். எல்லையிலுள்ள ஒரு பொருளில் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையைப்போல் இரு மடங்கு தொலைவு கடக்க வேண்டியிருப்பதால் வலுவிழந்துவிடுகிறது.

மண்ணின் ஈரம் மாறினால் அலை எதிரொளிக்கும் அளவும் மாறும். எனவே தரையில் உலோகத் தகடோ வலையோ விரிக்கப்படுகிறது. வலையின் கண்கள் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். 1000 மெகாஹெர்ட்சுக்கு இது 3 சென்டிமீட்டர்.

தரை எதிரொளிப்பு

ஆண்டெனாவை நேர் அலையும், தரையில் பட்டு வரும் அலையும் வந்தடைகின்றன. இவை ஒன்றையொன்று வலுப்படுத்தலாம் அல்லது குறைக்கலாம். ஆகவே ஆண்டெனாவை 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் உயரம் வரை நகர்த்தி, கிடைக்கும் பெரும அளவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டும் முழுமையாகச் சேர்ந்தால் புலச் செறிவு ஏறத்தாழ இரு மடங்காகும். 30 மெகாஹெர்ட்ஸ் அருகே அலைநீளம் 10 மீட்டர் என்பதால், கிடைமட்ட ஆண்டெனாவை 4 மீட்டர் வரை உயர்த்தினாலும் அந்நிலை கிட்டுவதில்லை.

சரிபார்க்கும் முறை

ஓர் ஆண்டெனாவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது சமிக்ஞை எவ்வளவு குறைகிறது என்பதே தள மெலிவு. ஸ்மித், ஜெர்மன், பேட் ஆகியோர் 1982இல் வெளியிட்ட கணக்கீட்டு முறை இன்றைய நடைமுறைக்கு அடிப்படையாகும். அளவீடு பின்வருமாறு நடைபெறும்:

1. ஆண்டெனாக்கள் இல்லாமல் இரு கேபிள்களையும் நேராக இணைத்து அளவு குறிக்கப்படும்.
2. கேபிள்களில் ஆண்டெனாக்களைப் பொருத்தி, வாங்கும் ஆண்டெனாவை உயர்த்தியும் தாழ்த்தியும் பெரும அளவு குறிக்கப்படும்.
3. முதல் அளவிலிருந்து இரண்டாவதும், இரு ஆண்டெனாக்களின் காரணிகளும் டெசிபலில் கழிக்கப்படும்.

ஆண்டெனா காரணி என்பது புலச் செறிவுக்கும் ஆண்டெனா தரும் மின்னழுத்தத்திற்கும் உள்ள விகிதம். அதைக் கழித்தபின் எஞ்சுவது இயல்பாக்கிய தள மெலிவு. இது பயன்படுத்திய ஆண்டெனாவைச் சாராமல் தளத்தின் இயல்பைக் காட்டும். கிடைமட்டம், செங்குத்து ஆகிய இரு நிலைகளிலும் 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை இவ்வாறு அளக்கப்படும்.

ஏற்பு எல்லை

அளந்த மதிப்பு, கோட்பாட்டு மதிப்பிலிருந்து 4 டெசிபலுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. எடுத்துக்காட்டாக, 10 மீட்டர் தொலைவில் அனுப்பும் ஆண்டெனா 1 மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாக இருக்கும்போது, 30 மெகாஹெர்ட்சில் கோட்பாட்டு மதிப்பு 29.8 டெசிபல். எனவே 25.8 முதல் 33.8 வரை ஏற்கத்தக்கது. 4 டெசிபல் என்பது புலச் செறிவில் சுமார் 1.6 மடங்கு. தளத்தின் குறையோடு, அளவுக் கருவி, ஆண்டெனா காரணிகள் ஆகியவற்றின் பிழைகளும் இந்த எல்லைக்குள் அடங்க வேண்டும்.

எல்லையைத் தாண்டினால் முதலில் கேபிள், இணைப்பி, ஆண்டெனா காரணி ஆகியவை சோதிக்கப்படும். அவை சரியாக இருந்தால் குறை தளத்தில் தேடப்படும். செங்குத்து நிலை அளவீடு தரைத் தகட்டின் அளவு, விளிம்பு, அருகிலுள்ள கம்பங்கள் ஆகியவற்றின் குறைகளை எளிதில் வெளிக்காட்டும்.

திருத்தமாகப் பயன்படுத்தலாகாது

சரிபார்ப்பில் 3 டெசிபல் விலகல் கிடைத்த தளத்தில், பின்னர் சோதிக்கும் கருவியின் அளவீட்டில் அந்த 3 டெசிபலைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்ய முடியாது. இதைப் பன்னாட்டுத் தரமும் தடுக்கிறது. சரிபார்ப்பில் அலையை அனுப்புவது இயல்பு அறியப்பட்ட ஓர் ஆண்டெனா. சோதனைக் கருவியோ தன் உறை, கம்பிகள் ஆகியவற்றின் வழியே வேறு உயரங்களிலும் திசைகளிலும் உமிழ்கிறது. அதனால் அதே வேலி அதன் அளவீட்டை வேறு விதமாக மாற்றும். சரிபார்ப்பின் முடிவு, தளம் பயன்படுத்தத்தக்கதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். குறையுள்ள தளத்தைக் கணக்கால் திருத்த முடியாது. குறைக்குக் காரணமானதை நீக்கி, மீண்டும் அளந்து பார்ப்பதே வழி.