சாவி கொடுத்தவர் தலையில் விழும் கடன்

வண்டியும் வாழ்க்கையும் - 9

சென்ற வாரம் லாரிக்கு எஃப்சி எடுக்கும் செலவைப் பார்த்தோம். இந்த வாரம் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கு வருவோம்.

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஆட்களுக்கு இன்சூரன்ஸ் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2022 ஜூனில் அறிவித்த கட்டணப்படி, 40 டன்னுக்கு மேல் மொத்த எடை கொண்ட லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் ஆண்டுக்கு 44,242 ரூபாய், வரி தனி. இந்தக் கட்டணம் ஏறியதை எதிர்த்து 2017-இல் தென்மாநில லாரிகள் ஓடாமல் நின்றன. லைசென்ஸை வாங்கித் தேதி பார்த்த பிறகுதான் டிரைவரிடம் லாரியை ஒப்படைக்கிறோம். அதே வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் போகிறது. "பக்கத்துத் தெருதானே, மெயின் ரோட்டுக்கா போறான்?" என்று விட்டுவிடுகிறோம்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதிலேயே கார் ஓட்ட லைசென்ஸ் உண்டு. பிள்ளையின் பெயரைக் குடும்பத்து பாலிசியில் சேர்த்ததும் பிரீமியம் கிடுகிடுவென ஏறும். இளம் ஓட்டுநர்களால் விபத்து அதிகம் என்பதைப் பெற்றோர் அந்தப் பில்லைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். நம் நாட்டில் ஸ்கூட்டர், பைக்கின் மூன்றாம் நபர் பிரீமியம் எஞ்சினின் சிசியைப் பொறுத்தது. 75 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு அதே 2022 கட்டணம் 714 ரூபாய். ஓட்டுவது ஐம்பது வயது அப்பாவா, 18 வயது மகனா என்று அது கேட்பதில்லை. அதனால் ஆபத்தின் விலை முன்கூட்டி நம் கண்ணில் படுவதே இல்லை. விபத்துக்குப் பிறகுதான் மொத்தமாக வந்து நிற்கிறது.

எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 30 வயது விசைத்தறித் தொழிலாளி, நம் பிள்ளை ஓட்டிய வண்டி மோதி இறந்துவிட்டார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவாகக் கால் பங்கைக் கழித்தால் 1,89,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 17. ஆக, நஷ்டஈடு 32,13,000 ரூபாய். 2009, 2017 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. ஈமச்சடங்குச் செலவு போன்றவை தனி.

பாலிசி இருக்கிறதே என்று நினைக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்கு அந்தப் பணம் போய்ச் சேர பாலிசி உதவும். ஆனால் லைசென்ஸ் இல்லாதவரிடம் உரிமையாளர் தெரிந்தோ அக்கறையில்லாமலோ வண்டியை விட்டார் என்று கம்பெனி நிரூபித்தால், கட்டிய தொகையை அவரிடமே திரும்ப வசூலிக்கலாம். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழியை உறுதி செய்தது. "எனக்குத் தெரியாம அவனே சாவிய எடுத்துட்டான்" என்ற பதிலும் எடுபடாது. டெல்லியில் ஒரு சிறுவன் ஓட்டிய மோட்டார் சைக்கிள் வழக்கில், அது தவறான கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று 2011-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடிபட்டது நம் பிள்ளையாக இருந்தால்? உரிமையாளர் ஓட்டும்போது அவருக்குக் கிடைக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு ரூபாய்கூட வராது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள 199ஏ பிரிவு இன்னும் கடுமையானது. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

"எக்ஸ்எல்தானே, மொபெட்தானே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 16 வயதில் லைசென்ஸ் எடுத்து ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 50 சிசி வரைதான். எக்ஸ்எல் 100-இன் எஞ்சின் 99.7 சிசி.

டியூஷனுக்கு சைக்கிளோ டவுன் பஸ்ஸோ போதும். இன்று மாலையே வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துப் பீரோவில் வையுங்கள். 18 முடிந்து, எல்எல்ஆர் போட்டுப் பழகி, லைசென்ஸ் வாங்கி வரட்டும். அதற்காகப் பிரீமியம் ஒரு ரூபாயும் ஏறாது. அதே பாலிசி, அப்போது உங்கள் பிள்ளை ஓட்டினாலும் உங்கள் வீட்டைக் காக்கும்.

அடுத்த வாரம்: பழைய வண்டியை விற்ற பிறகும் ஆர்சியில் உங்கள் பெயரே இருந்தால் என்ன ஆகும்?

(தொடரும்)