கால்கள் மறக்காத கோயம்பேடு

2023 டிசம்பர் 30ஆம் நாள் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கு மாறின. இதை நான் நாளிதழில் படித்தேன். வகுப்பில் மாணவர்களுக்கும் சொன்னேன். ஆயினும், திருச்சிக்குப் புறப்பட்ட ஓர் இரவு, மறைமலை நகரில் பேருந்து ஏறி, கிளாம்பாக்கத்தைக் கடந்து, தாம்பரத்தில் வண்டி மாறி, கோயம்பேட்டில் போய் இறங்கினேன்! தலைக்குத் தெரிந்தது கால்களுக்கு ஏன் தெரியவில்லை?

ஒரு செயலை ஒரே சூழ்நிலையில் பலமுறை செய்தால், பெருமூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்கள் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோவையாகப் பதித்துக்கொள்கின்றன. பின்னர் ஒரு தூண்டுதலே போதும். கையில் பை, இரவு நேரம், ஊருக்குப் பயணம் என்றவுடன் கோவை முழுவதும் தானே ஓடிவிடும். இதுவே பழக்கம்.

பழக்கத்தை வேண்டும்போது தடுத்து, புதிய வழியில் செலுத்துவது நெற்றிக்குப் பின்னால் அமைந்துள்ள முன்நெற்றிப் புறணியாகும். 'இன்று செல்ல வேண்டிய இடம் எது?' என்பதை அது நினைவில் ஏந்தி நிற்கிறது. ஓடும் வண்டியைத் திருப்பப் புறவிசை தேவைப்படுவதைப் போல, ஓடும் பழக்கத்தைத் திருப்ப இதன் முயற்சி தேவைப்படுகிறது.

கனடாவின் பிரெண்டா மில்னர் 1963இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. சீட்டுகளை நிறப்படி அடுக்க வேண்டும். பின்னர், அறிவிக்காமலே விதி வடிவப்படி என்று மாறும். நெற்றிப் பகுதியில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள், தவறு என்று சொல்லப்பட்ட பின்னும் பழைய விதியையே பற்றி நின்றனர்.

நலமான மூளையிலும் களைப்பு, தூக்கமின்மை, சிதறிய கவனம் ஆகியவை இப்பகுதியின் பிடியைத் தளர்த்துகின்றன. மேலும், இது முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயதாகும். எனவே, படிக்க அமர்ந்ததும் கைப்பேசியைத் தேடும் மாணவர் தம்மை நொந்துகொள்ள வேண்டாம். பழைய தடம் எளிதில் அழியாது. ஆனால் தூண்டுதலை அகற்றலாம். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். புதிய செயலைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதுவும் ஒரு நாள் பழக்கமாகும்.

நானோ, 'கிளாம்பாக்கம்' என்று எழுதிய அட்டையொன்றைப் பயணப் பையின் கைப்பிடியில் கட்டி வைத்திருக்கிறேன்.