பச்சை டிக்கை யார் போட்டது?

போன செமஸ்டர்ல ஹாஸ்டல் பக்கத்து ரூம் நண்பன் ஒருத்தன் எங்கிருந்தோ ஒரு வேப் வாங்கிட்டு வந்தான். பேனா அளவு, மாம்பழ வாசனை. "டூப்ளிகேட்டா இருக்கப் போகுதுடா"ன்னு சொன்னேன். அவன் டப்பாவைத் திருப்பிக் காட்டினான். சுரண்டிப் பார்த்தா ஒரு நம்பர், பக்கத்துல ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் பண்ணினதும் ஒரு வெப்சைட் திறந்து, பச்சை டிக்கோட "இது அசல் தயாரிப்பு"ன்னு வந்துச்சு. "பாத்தியா?"ன்னு ஒரு சிரிப்பு வேற.

அந்த வெப்சைட் முகவரியைக் கொடுத்தது யாரு? அதே டப்பாதான். போலி டப்பா அச்சடிக்கத் தெரிஞ்சவனுக்கு பச்சை டிக் காட்டுற ஒரு பக்கம் செய்ய அரை மணி நேரம் போதும். நாம வெப் லேப்ல செஞ்ச மினி ப்ராஜெக்ட் அதைவிட கஷ்டம்.

இதை விளையாட்டா விட முடியாததுக்குக் காரணம் இருக்கு. 2019-ல் அமெரிக்காவுல வேப் பிடிச்சவங்க பலருக்கு திடீர்னு நுரையீரல் பாதிச்சுது. 2020 பிப்ரவரி வரைக்கும் பதிவானவங்க 2,807 பேர், அதுல 68 பேர் இறந்துட்டாங்க. அவங்க நுரையீரல் திரவத்தைச் சோதிச்சப்போ வைட்டமின் ஈ அசிடேட் கிடைச்சது. கள்ளச்சந்தை கஞ்சா எண்ணெய் கார்ட்ரிட்ஜ்கள்ல, எண்ணெய் கெட்டியா தெரியணும்னு கலந்த பொருள் அது. பாதிக்கப்பட்டவங்க அதிகமா சொன்ன பிராண்ட் டேங்க் வேப்ஸ். வேடிக்கை என்னன்னா, அந்தப் பேர்ல பொறுப்பேத்துக்க ஒரு கம்பெனியே கிடையாது. காலி டப்பாவும் காலி கார்ட்ரிட்ஜும் ஆன்லைன்ல கிடைச்சது. வாங்கி, யார் வேணா எதை வேணா ஊத்தி வித்தாங்க.

சரி, நிஜமாவே போலியைத் தடுக்கணும்னா எப்படி டிசைன் பண்றது? கார்ட்ரிட்ஜுக்குள்ள ஒரு சின்ன சிப் வைக்கலாம். அதை வேப் படிக்கும், ப்ளூடூத்ல போனுக்கு அனுப்பும், போன் கம்பெனி சர்வரைக் கேட்கும். சர்வர் சரின்னு சொன்னாத்தான் சூடாக்குற காயிலுக்கு கரண்ட் போகும். ரிமோட் அதென்டிகேஷன்னு சொல்றது இதைத்தான்.

சிப்புல வெறும் சீரியல் நம்பர் மட்டும் இருந்தா பிரயோஜனம் கம்மி. ஒரு அசல் கார்ட்ரிட்ஜை வாங்கி, நம்பரைப் படிச்சு, ஆயிரம் போலியில எழுதிடலாம். ஒரே நம்பர் காலையில காந்திபுரத்துலயும் மத்தியானம் மதுரையிலயும் வந்தா சர்வர் கண்டுபிடிக்கும்தான். ஆனா எது அசல்னு அதுக்கு எப்படித் தெரியும்? போலி முதல்ல பதிவாகிட்டா, காசு கொடுத்து அசலை வாங்கினவன்தான் மாட்டிக்குவான்.

அதனால நம்பருக்குப் பதிலா ரகசியக் கீ. ஒவ்வொரு தடவையும் சர்வர் புதுசா ஒரு ரேண்டம் எண்ணை அனுப்பும். சிப் அந்த எண்ணையும் தன் கீயையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். கீ சிப்பை விட்டு வெளியே வராது. பாஸ்வேர்டைச் சொல்லாமலே பாஸ்வேர்டு தெரியும்னு நிரூபிக்கிற வேலை. நடுவுல ஒருத்தன் ஒட்டுக்கேட்டாலும் அடுத்த தடவை கேள்வியே மாறிடும். இன்னொண்ணு: சர்வர் சொல்ற "சரி"க்கும் டிஜிட்டல் கையெழுத்து வேணும். இல்லேன்னா மாத்தி எழுதின ஒரு ஆப், சர்வரைக் கேட்காமலே "சரி"ன்னு சொல்லிடும். திரும்பவும் பச்சை டிக் கதைதான்.

இவ்வளவு செஞ்சும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. இதுவரை சோதிச்சது சிப்பைத்தான், திரவத்தை இல்ல. காலியான அசல் கார்ட்ரிட்ஜ்ல எதையாவது ஊத்தினா, சிப் சரியாத்தான் பதில் சொல்லும். அதுக்கு ஒரு கவுன்டர் வைப்பாங்க. காயில் எத்தனை விநாடி சூடாச்சுன்னு கணக்கு வெச்சு, உள்ளே இருந்த அளவு தீர்ந்திருக்கும்னு தெரிஞ்சதும் சர்வர் அந்த கார்ட்ரிட்ஜை "முடிஞ்சது"ன்னு குறிச்சிடும்.

இந்தக் கவுன்டரை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கா? காலேஜ் எதிர்ல ஜெராக்ஸ் கடை அண்ணனைக் கேளுங்க. "இங்க் இருக்குதுங்க தம்பி, மெஷின்தான் இல்லைங்குது"ன்னு புலம்புவாரு. 2016 செப்டம்பர்ல ஹெச்பி பிரின்டர்கள் பல, ஒரே நாள்ல மத்த கம்பெனி இங்க் கார்ட்ரிட்ஜ்களை ஏத்துக்க மாட்டேன்னு நின்னுடுச்சு. காரணம் ஃபர்ம்வேர். அதே நுட்பம், ஒரு இடத்துல நுரையீரலைக் காப்பாத்துது, இன்னொரு இடத்துல கம்பெனியோட இங்க் வியாபாரத்தை. டிசைன் பண்ணும்போது பூட்டு யாருக்காகன்னு கேட்கணும்னு எனக்குத் தோணுது. எந்த சிலபஸ்லயும் அந்தக் கேள்வி வரலை.

நம்ம ஊர்ல வேப்புக்கு இந்தக் கேள்வியே எழாது. தமிழ்நாடு 2018-லயே தடை பண்ணியாச்சு. 2019-ல் நாடு முழுக்க சட்டம் வந்துச்சு. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறையோ 1 லட்சம் வரை அபராதமோ ரெண்டுமோ கிடைக்கலாம். அப்போ இங்கே விக்கிற டப்பாவுக்குப் பின்னாடி "ஆமா, இது எங்களுதுதான்"னு சட்டப்படி நின்னு சொல்ல யாரும் இல்ல. நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். தூக்கிப் போட்டானான்னு தெரியலை.

ஆனா அதே கேள்வி வீட்டுக்குள்ள இருக்கு. 2023 ஆகஸ்ட் 1-லிருந்து அதிகம் விக்கிற 300 மருந்து பிராண்டுகள்ல க்யூஆரோ பார்கோடோ கட்டாயம். மருந்துப் பேர், கம்பெனி, பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, லைசென்ஸ் நம்பர் எல்லாம் அதுல இருக்கணும். கோபியில அமுச்சியோட மாத்திரைப் பட்டையை ஸ்கேன் பண்ணினேன், விவரம் வந்துச்சு. அதையே ஒரு இலவச க்யூஆர் தளத்துல ஒட்டி புதுசா ஒரு கோடு செஞ்சு ஸ்கேன் பண்ணினேன். அதே விவரம். ரெண்டு நிமிஷ வேலை. பேட்ச் நம்பர்ங்கிறது அந்த பேட்ச்ல வந்த அத்தனை பட்டைக்கும் ஒண்ணுதான். அதனால காப்பி அடிச்சா ஒரே கோடு ரெண்டு தடவை வருதேன்னு சந்தேகப்படவும் வழியில்ல.

நகையில இதைவிட ஒரு படி மேல. 2023 ஏப்ரல் 1-லிருந்து விக்கிற ஹால்மார்க் நகைக்கு ஆறு இலக்க ஹெச்யூஐடி, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. ராஜ வீதியில வாங்கின அம்மாவோட வளையல் நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா நகைக்கடை, சோதிச்ச மையம், நகை வகை, தூய்மை எல்லாம் வருது. ஆப் அரசோடது, நகைக்கடைக்காரர் கொடுத்தது இல்ல. அந்த நம்பரை ஒரு போலி மோதிரத்துல பொறிச்சா, ஆப் "வளையல்"னு காட்டிக் கொடுத்துடும். இன்னொரு வளையல்ல பொறிச்சா என்ன ஆகும்னு அம்மா கேட்டாங்க. சரியான கேள்வி. அங்கே அது ஏமாந்துடும், சீரியல் நம்பர் கார்ட்ரிட்ஜ் மாதிரியே.

மாத்திரைப் பட்டையில ஐந்து ரூபாய் சிப் வைக்க முடியாது. அதனால அன்னைக்கு நான் செஞ்சது வேற. அமுச்சி மெடிக்கல் பில்லையெல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சிருக்காங்க. அந்த மாசத்து பில்லை எடுத்து, அதுல இருந்த பேட்ச் நம்பரையும் பட்டையில இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே நம்பர். "என்னடா படிக்கிற இவ்வளவு நேரமா?"ன்னு கேட்டுட்டு, மாத்திரையைப் போட்டுத் தண்ணி குடிச்சாங்க.