மனச்சோர்வும் மதுவும்: மேய்ப்புப் பணியில் ஒரு சிந்தனை

குடியைப் பாவமென்று கண்டிப்பது நம் திருச்சபைகளின் நெடுநாள் வழக்கம். மனச்சோர்வை விசுவாசக் குறைவெனக் கருதுவோரும் நம்மிடையே உளர். இவ்விரண்டும் ஒரே மனிதனிடத்தில் சேர்ந்திருக்கையில், நம் கண்டிப்பு அவனுக்கு எவ்வளவு பயன்படும் என ஆராய்தல் தகும்.

இவற்றிடையே உள்ள உறவு இருவழிப்பட்டது. துயரமும் உறக்கமின்மையும் தாளாமல் சிலர் குடியை நாடுகின்றனர். மது முதலில் ஆறுதல் அளிப்பதுபோல் தோன்றினும், அது மூளையின் செயலை மந்தப்படுத்தும் பொருளேயாகும். அது உறக்கத்தைக் குலைத்து, மறுநாட் கலக்கத்தைப் பெருக்கி, குடும்பத்தையும் பிழைப்பையும் சிதைத்து, சோர்வுக்குப் புதிய காரணங்களைச் சேர்க்கிறது. வேறு சிலரிடத்தில் குடியே முந்தியது. சோர்வு அதன் விளைவு. இத்தகையோருள் பலருக்குக் குடியை நிறுத்திய சில வாரங்களில் சோர்வு தணிகிறது. தணியாவிடில், அது தனி நோயாகவே சிகிச்சை பெறவேண்டும்.

இதற்கு ஒரு சான்று காண்போம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் மருத்துவர் பாப் ஸ்மித்துடன் தொடங்கிய பில் வில்சன், 1934-இல் குடியை விட்டவர். ஆயினும் 1944 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கடும் மனச்சோர்வு அவரை வாட்டியது; மனநல மருத்துவரின் உதவியையும் அவர் நாடினார். குடி நின்றவுடன் உள்ளத்தின் நோயும் நீங்கிவிடும் என்று நாம் எண்ணலாகாது.

ஆகவே போதகர் மனங்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஆராதனையில் பொருத்தனை செய்து ஒரேயடியாக நிறுத்துவாராயின், சில நாட்களுக்குள் வலிப்பும் சித்தக் கலக்கமும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். பொருத்தனையை வரவேற்போம், அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். இரண்டாவது, குடியை விட்டபின் வரும் வாரங்களில் அவரை அடிக்கடி சந்திப்போம். சாக வேண்டுமென்ற எண்ணம் உண்டா எனக் கனிவோடும் நேராகவும் கேட்பதற்கு அஞ்சவேண்டாம். கேட்பதனால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை. மறைத்து வைத்த பாரத்தை இறக்கிவைக்க வழி பிறக்கிறது. அவ்வெண்ணம் உண்டெனில் அவரைத் தனியே விடலாகாது. உடனே மருத்துவ உதவி நாடவேண்டும். மூன்றாவது, மனச்சோர்வுக்கு மருந்து உண்பதை அவிசுவாசமென்று எவருக்கும் போதியாதிருப்போம்.

சூரைச்செடியின்கீழ்ச் சாவை விரும்பிய எலியாவுக்கு ஆண்டவர் முதலில் அளித்தவை உறக்கமும் அப்பமும் தண்ணீருமே (1 இராஜாக்கள் 19). அவனுடைய பணியைக் குறித்த வார்த்தை பின்னரே வந்தது. அவ்வரிசையை நம் மேய்ப்புப் பணியிலும் கைக்கொள்வோமாக.