பனிக்காலக் கோடியக்கரை

வேதாரண்யத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் தமிழகக் கடற்கரை மேற்கு நோக்கித் திரும்புகிறது. வங்கக்கடலும் பாக் நீரிணையும் கூடும் அம்முனையே கோடியக்கரை. 1967ஆம் ஆண்டில் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தைக் காண இரண்டு நாள்கள் போதும். ஆனால், அவை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் மார்கழி, தை நாள்களாக இருத்தல் வேண்டும்.

இது மணல்மேல் நிற்கும் காடு. மழைநீர் மணல்மேடுகளுள் இறங்குகிறது. உவர்நீரைவிட எடை குறைந்ததாதலால் அதன்மேல் நன்னீர் அடுக்காகத் தங்குகிறது. பாலை முதலிய மரங்களின் வேர்கள் அந்நீரைப் பருகுகின்றன. தடித்த சிறு இலைகள் ஈரத்தைக் காப்பதால், கோடையிலும் காடு பசுமை மாறுவதில்லை.

காட்டை அடுத்த புல்வெளி வெளிமான்களின் வாழிடம். தொலைவிலேயே பகையைக் கண்டு விரைந்தோடித் தப்புவது அவற்றின் இயல்பு. அதற்குத் திறந்த வெளி வேண்டும். அவ்வெளியைச் சீமைக்கருவேலம் மூடிவருகிறது. இங்குத் திரியும் குதிரைகள் அதன் காய்களைத் தின்று, விதைகளைச் சாணத்தோடு பரப்புகின்றன. பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் அக்குதிரைகள் இக்காட்டுக்குரியவை அல்ல; வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை.

கழிகளில் நீர் வடியத் தொடங்கியதும் பூநாரைகள் இறங்குகின்றன. அவை தலையைக் கவிழ்த்து, அலகின் சீப்பு போன்ற விளிம்புகளால் சேற்றுநீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்கின்றன. அவ்வுணவிலுள்ள நிறமியே இறகுகளுக்குச் செந்நிறம் தருகிறது. அருகிலேயே இரைதேடும் கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராம். அது சைபீரியாவின் வடகோடியிலிருந்து பறந்து வந்தது என்பதை எளிதில் நம்ப இயலாது.

இரவில் கரையேறுவது பங்குனி ஆமை. அது மணலைத் தோண்டி, நூறளவில் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. நரியும் நாயும் தோண்டாதவாறு வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கின்றனர். கரையில் கிடைக்கும் இக்காவல் கடலில் இல்லை. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரினம். இழுவைமடியில் சிக்கி நெடுநேரம் மேலே வர இயலாவிடில் மூச்சுத்திணறி இறக்கும். 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை மட்டும் வெளியேறத் திறப்பு அமைந்த மடிகள் உள்ளன. மீனும் அவ்வழியே போய்விடுமே என்பது மீனவரின் கவலை; அதனைப் புறக்கணித்து அம்மடிகளைப் பரவலாக்க இயலாது.

தையில் இட்ட முட்டைகள் ஏறத்தாழ 50 நாள்களில் பொரிகின்றன. குஞ்சுகள் அலைகளை நோக்கி விரையும் பங்குனியில், உள்ளான்கள் வடக்கே புறப்படத் தொடங்கியிருக்கும்.